தடிமனுக்குப் போத்தல் மருந்தா, வளவு மருந்தா?

மாரி தொடங்கினால் நமது குடியிருப்புகளில் இருமல் சத்தமும் தொடங்கிவிடும். ஐப்பசியில் ஒரு பிள்ளைக்கு மூக்கால் ஓடும். கார்த்திகை முடிவதற்குள் ஒழுங்கை முழுவதும் தடிமன். இது எல்லா ஊர்களிலும் நடப்பதுதான். ஆனால் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களின் செலவுக் கணக்கில் இப்பொழுது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. தடிமனை வராமல் தடுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் மூலிகைப் போத்தல்களும் பைக்கற்றுகளும் மாத்திரைகளுமே அவை. சில பலசரக்குக் கடையில் கடனுக்கு வாங்கப்படுகின்றன. சிலவற்றை வீடு வீடாகக் கொண்டுவந்து விற்கிறார்கள். சில ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் அனுப்பும் பொதிகளில் வந்து சேருகின்றன.

இவற்றைப் பற்றிய எனது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடிமனைத் தடுக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்ட மூலிகை மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. ஆகவே அதற்கெனக் கூலிக்காசைச் செலவிடத் தேவையில்லை. தடிமன் வந்தபின் உடலுக்கு ஆறுதல் தரும் மூலிகைகள் உண்டு. ஆனால் அவை நமது வளவில் வளர வேண்டியவை. இவ்விரண்டையும்விட முக்கியமான மூன்றாவது ஒன்றும் உண்டு. எந்த மூலிகையோடும் காத்திருக்கக் கூடாத நேரம் ஒன்று இருக்கிறது. அதை ஒவ்வொரு தாயும் தகப்பனும் அறிந்திருக்க வேண்டும்.

தடிமன் என்பது என்ன?

தடிமனை உண்டாக்குபவை வைரசுக் கிருமிகள். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதனால், ஒன்று வந்து போனாலும் வேறொன்று வரும். வளர்ந்தவருக்கு ஆண்டில் 2 அல்லது 3 தடவையும், சிறு பிள்ளைக்கு 6 முதல் 8 தடவை வரையும் தடிமன் வருவது வழமையானதே. பிள்ளைக்கு அடிக்கடி தடிமன் வருகிறது என்பதற்காக அதன் உடலில் ஏதோ குறை இருக்கிறது என்று அஞ்ச வேண்டியதில்லை.

மழையில் நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்பது நமது நம்பிக்கை. ஆனால் கிருமி இல்லாமல் தடிமன் இல்லை. மழைக்காலத்தில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நெருங்கியிருக்கிறோம். ஒருவரின் தும்மலும் கையும் மற்றவரை எளிதில் எட்டிவிடுகின்றன. முகாம் வாழ்வை அறிந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நெருக்கி வைக்கப்பட்டிருந்தபோது ஒரு கூடாரத்து இருமல் அடுத்த கூடாரத்துக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அங்கிருந்தவர்கள் சொல்வார்கள்.

சாதாரண தடிமன் இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போய், 7 முதல் 10 நாட்களுக்குள் தானாகவே மாறிவிடும். இருமல் மட்டும் இரண்டு, மூன்று கிழமை இழுபடக்கூடும். நாம் மருந்து தேடுவது பெரும்பாலும் வருத்தம் கூடிய நாளில். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சுகம் தெரியத் தொடங்கும். உடனே, குடித்த மருந்து வேலை செய்தது என்று முடிவு செய்துவிடுகிறோம். சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்பது போன்றதே இந்த முடிவு.

இரண்டு பாத்திச் சோதனை

ஒரு மருந்து உண்மையிலேயே பயன் தருகிறதா என்று எப்படி அறிவது? கமக்காரருக்கு இது புதிதல்ல. புது உரம் ஒன்று வந்தால், அதை ஒரு பாத்திக்கு இட்டு அடுத்த பாத்திக்கு இடாமல் விட்டு, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நல்ல மழை பெய்த ஆண்டில் வயல் முழுவதற்கும் உரமிட்டுவிட்டு, விளைச்சல் உரத்தால் வந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவ ஆய்வும் இதே முறையில்தான் நடக்கிறது. ஒரு சாராருக்கு மருந்தும் மற்றச் சாராருக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள்.

இப்படிப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் சிலவற்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

வெளிநாட்டுப் பொதிகளில் அடிக்கடி வருவது எக்கினேசியா. இது வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் ஊதாப்பூச் செடி. அங்குள்ள ஆதிக்குடிகள் மருந்தாகப் பயன்படுத்தியது. 2014ஆம் ஆண்டில் 24 ஆய்வுகளை, அதாவது நாலாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் பெற்ற முடிவுகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வந்த தடிமனை அது மாற்றுகிறது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. தடுப்பதில் சிறிதளவு பயன் இருக்கலாம் என்ற அளவிலேயே முடிவு நின்றது.

விற்றமின் சி பற்றி 1970ஆம் ஆண்டு, நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங் என்ற விஞ்ஞானி ஒரு நூல் எழுதினார். அன்றிலிருந்து உலகம் முழுவதும் அந்த மாத்திரை விலைப்படுகிறது. 2013ஆம் ஆண்டில் 29 ஆய்வுகளை, பதினோராயிரத்துக்கு மேற்பட்டோரின் விபரங்களுடன், தொகுத்துப் பார்த்தபோது, அதைத் தினமும் உண்ட சாதாரண மக்களுக்கும் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் மட்டும் வளர்ந்தோரில் 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் குறுகியது. ஏழு நாள் தடிமன் அரை நாளோ ஒரு நாளோ முந்தி முடிகிறது என்பதே இதன் பொருள். தடிமன் வந்தபின் உண்ணத் தொடங்கியவர்களுக்கு அந்தப் பயனும் நிச்சயமாகத் தெரியவில்லை. விற்றமின் சி உடலுக்கு வேண்டியதுதான். ஆனால் நமது வளவுக் கொய்யாப்பழத்தில் அது தோடம்பழத்திலும் பார்க்க மிக அதிகம். நெல்லியிலும் தேசிக்காயிலும் முருங்கை இலையிலும் உண்டு.

உள்ளிக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. 146 பேரை இரு சாராராகப் பிரித்து 12 கிழமை கவனித்ததில், உள்ளி மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 தடவையும் மற்றவர்களுக்கு 65 தடவையும் தடிமன் வந்தது. நம்பிக்கை தரும் கணக்குத்தான். ஆனால் அது ஒரேயோர் ஆய்வு. ஒரு போக விளைச்சலை மட்டும் பார்த்து விதையினத்தைத் தீர்மானிக்கும் கமக்காரர் இல்லை.

நிலவேம்பு தொண்டை நோவையும் இருமலையும் ஓரளவு குறைப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் அவற்றிற் பல தரம் குறைந்தவை. அது சிலருக்குக் கடும் ஒவ்வாமையையும் தருவதுண்டு.

சுருங்கச் சொன்னால், சில மூலிகைகள் சற்று ஆறுதல் தரக்கூடும். போத்தலின் மேலட்டை சொல்லும் அளவுக்கு எதுவும் செய்வதில்லை.

2020 தந்த பாடம்

தடுப்பு மருந்து என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதைக் கொரோனாக் காலத்தில் நாடே கண்டது. 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்துச் செய்த ஒரு பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். கூட்டம் கூட வேண்டாம் என்று சொல்லப்பட்ட நாட்களில், நோயைத் தடுக்கும் மருந்துக்காகவே கூட்டம் கூடியது. அன்றைய சுகாதார அமைச்சரும் அதைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியாயிற்று.

இதை ஒருவரைக் குறைசொல்லுவதற்காக நான் நினைவூட்டவில்லை. பயம் உள்ள இடத்தில் போத்தல் விலைப்படும். கையில் வேறொன்றும் இல்லாதவரிடம்தான் பயம் அதிகம். வீடும் வயலும் இழந்தவர், பிள்ளையின் சுகத்தையாவது காப்போம் என்று கடன்பட்டும் வாங்குவார். அந்தப் பயத்தை வியாபாரமாக்குவதையே நான் எதிர்க்கிறேன்.

இது நமது மருத்துவத்தை இழிவுபடுத்துவதா?

இப்படி எழுதினால், நமது முன்னோரின் வைத்தியத்தைப் பழிக்கிறார் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் தோன்றிய மண் இது. இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. விவிலியத்தில் சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம், மண்ணில் விளையும் மருந்தையும் மருத்துவரையும் மதிக்கும்படி அறிவுறுத்துகிறது.

ஆனால் பரியாரியார் செய்வதையும் போத்தல் செய்வதையும் ஒன்றாக எண்ணலாகாது. பரியாரியார் நாடி பார்ப்பார். வயது, சாப்பாடு, கர்ப்பம், வேறு வருத்தம் எல்லாம் கேட்பார். அதன் பிறகே மருந்து சொல்வார். போத்தல் எதையும் கேட்பதில்லை. ஆறு மாதக் குழந்தைக்கும் அறுபது வயதுப் பிரஷர்காரருக்கும் அது ஒன்றுதான். நமது முன்னோரின் நற்பெயரை மேலட்டையில் ஒட்டிக்கொண்டு, அவர்களது விவேகத்தை வெளியே விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே இருப்பது என்ன என்பதும் எப்போதும் தெளிவில்லை. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுள்வேத மருந்துகள் 70ஐப் பரிசோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், ஆசனிக்கு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. தடிமன் மருந்துகள் பலவற்றில் சேரும் அதிமதுரம் அளவு கூடினால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். பைக்கற்றில் வரும் தூள்கள் சிலவற்றில் பெரும்பகுதி சீனி. சலரோகம் உள்ளவர் இதைக் கவனிக்க வேண்டும்.

விட்டுவந்த வேலி

இனி எனது கருத்தின் மையத்துக்கு வருகிறேன். நமது வீடுகளில் தடிமனுக்கு முன்பு காசு செலவானதில்லை. வேலியில் ஆடாதோடையும் நொச்சியும் நின்றன. கிணற்றடியில் கற்பூரவள்ளி, முற்றத்தில் துளசி, கொல்லையில் தூதுவளை. பிள்ளை இருமினால் அம்மம்மா வேலிக்குப் போனார், கடைக்குப் போகவில்லை.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்தும், 2008, 2009 ஆண்டுகளில் வன்னி முழுவதிலுமிருந்தும் எழும்பியபோது, பிள்ளைகளையும் காணி உறுதியையும் கைக்கெட்டிய சாமான்களையும் எடுத்துக்கொண்டோம். வேலியைத் தூக்கிக்கொண்டு வர எவராலும் முடியவில்லை. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதியினர் இன்னும் தமது சொந்தக் காணியை மிதிக்க முடியாதிருக்கிறார்கள். காணியோடு சேர்ந்து, எந்த இலை எதற்கு என்ற அறிவும் தளர்ந்துபோயிற்று. முகாமில் பிறந்து வளர்ந்த பலருக்கு நொச்சிக்கும் ஆடாதோடைக்கும் வேறுபாடு தெரியாது. விளைவிப்பவர்களாக இருந்த நாம் வாங்குபவர்களாக மாறிவிட்டோம். தடிமன் போத்தல் இதன் ஒரு சிறு அடையாளம்.

வாங்குபவர் எவ்வளவு பலவீனர் என்பதை அண்மைய ஆண்டுகள் காட்டின. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்றது. கோடிப்புறத்தில் நாலு கிழங்கு நட்டிருந்தவர் எவரிடமும் கேட்கவில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஆஸ்பத்திரிகளிலேயே மருந்து தட்டுப்பட்டது.

மறுபடி நடுவோம்

சொந்தக் காணி இல்லையே, எங்கே நடுவது என்று கேட்பீர்கள். பழைய வாளி, எண்ணெய்த் தகரம், உரப்பை போதும். அடியில் துளையிட்டு மண்ணும் சாணமும் நிரப்பி நட்டால், மறுபடி இடம் மாற நேர்ந்தாலும் தூக்கிக்கொண்டு போகலாம். உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர்களுக்கு இதுவே ஏற்ற வழி.

கற்பூரவள்ளி தண்டு முறித்து நட்டாலே வரும். இலையை வாட்டிப் பிழிந்த சாறு தொண்டைக் கரகரப்புக்கு இதம். துளசி விதையில் வரும். இஞ்சியும் மஞ்சளும் உரப்பையில் நன்றாக விளையும். தூதுவளைக் கொடி முள்ளுள்ளது. இலையைச் சம்பலாகவோ ரசமாகவோ உணவோடு சேர்க்கலாம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் மிளகும் இட்டு அவித்த குடிநீரின் சூடும் நீரும் சளியை இளக்கும், தொண்டை காயாது. உள்ளியும் மிளகும் போட்ட ரசம், கஞ்சி ஆகியவையும் அப்படியே. இவை தடிமனை ஒரு நாளில் மாற்றும் என்று சொல்ல மாட்டேன். மாறும்வரை பிள்ளை நீரிழந்து சோராமல் காக்கும். அது சிறிய உதவியல்ல.

ஆடாதோடையின் பெயரே ஆடு தொடாத இலை என்பதைக் காட்டுகிறது. ஆகவே வேலிக்கு ஏற்றது. அதிலுள்ள வசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்க இன்று கொடுக்கப்படும் புறோம்ஹெக்சின் மாத்திரை உருவாக்கப்பட்டது. நமது வேலி வெறும் குப்பையல்ல என்பதற்கு இது சான்று. அதே காரணத்தால் அது வீரியமுள்ள மருந்தும்கூட. கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. ஆகவே கர்ப்பிணிகள் தொடக்கூடாது. பிள்ளைகளுக்கான அளவைச் சித்த வைத்தியரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

வேறு சில எச்சரிக்கைகளும் இன்றியமையாதவை. தேன் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இருமலுக்கு நல்லது; இது ஆய்விலும் தெரிந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. நாக்கில் தடவும் வழக்கத்தையும் கைவிடுங்கள். உடலைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் அதனால் வரக்கூடும். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கற்பூரம் சேர்ந்த தைலத்தை இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பூசாதீர்கள். வேது பிடிப்பது வளர்ந்தவருக்கு இதமாக இருக்கலாம். ஒடுங்கிய கொட்டிலில் கொதிக்கும் பானையைப் பிள்ளைக்கு முன் வைப்பது ஆபத்து. வெந்நீர் கொட்டிய காயம் தடிமனிலும் பன்மடங்கு கொடியது.

தடிமனைத் தடுக்கக் காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் சவர்க்காரம் வாங்குங்கள். சவர்க்காரமிட்டுக் கை கழுவும் வழக்கம் இத்தகைய சுவாச நோய்களை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைக்கிறது. எந்தப் போத்தலுக்கும் இவ்வளவு உறுதியான சான்று இல்லை. அடுப்புப் புகையையும் பிள்ளை படுக்கும் இடத்திலிருந்து விலக்குங்கள். வீட்டுக்குள் புகை நிறைவது சிறுவரின் நியூமோனியா ஆபத்தை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

தடிமன் உயிரை எடுப்பதில்லை. தடிமன் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் வந்துவிடும் நியூமோனியா எடுக்கும். போத்தல் மருந்தின் மிகப் பெரிய தீங்கு அதற்குக் கொடுக்கும் காசு அல்ல. "மருந்து கொடுத்திருக்கிறோம், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்று காத்திருப்பதே அதன் தீங்கு. வளவு மூலிகைக்கும் இது பொருந்தும்.

ஆகவே பிள்ளையின் மூச்சை எண்ணப் பழகுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, வயிறு எழும்பி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது கூட; 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது கூட; ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது கூட என்றால் அது வேகமான மூச்சு. இது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தாலும் இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதியவர்களுக்கும், முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கும் மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தால் தாமதிக்கலாகாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஓட்டோக் காசுதான் பலருக்குத் தடை. போத்தலுக்குப் போகும் பணத்தை ஒரு பேணியில் போட்டு வையுங்கள். அவசரத்துக்கு அது ஓட்டோக் கூலியாகும். மறுபுறத்தில், சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோற்றிக் தரும்படி வைத்தியரை வற்புறுத்தாதீர்கள். அது பற்றீரியாவைக் கொல்லும், வைரசைக் கொல்லாது. வீணாகப் பாவித்தால், உண்மையில் நியூமோனியா வரும் நாளில் அது வேலை செய்யாமற் போகலாம்.

நாம் எல்லோரும் செய்ய வேண்டியது

இப்பொறுப்பைத் தாய்மாரின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியல்ல. மருத்துவ முகாம் நடத்தும் நிறுவனங்கள், கைநிறையச் சத்து மாத்திரை கொடுத்துப் படமெடுப்பதோடு நிறுத்திவிடாமல், சவர்க்காரமும் மூலிகைக் கன்றும் கொடுக்கட்டும். ஒவ்வொரு பங்குத்தளத்தின் வளவிலும் பாடசாலையிலும் ஒரு சிறு மூலிகை நாற்றுமேடை அமைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கன்றுகளைப் பகிர்வதற்குச் சமய வேறுபாடும் இல்லை. இலையை அடையாளம் காணத் தெரிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களோடு பிள்ளைகளை அமர்த்துங்கள். மாதர் சங்கக் கூட்டத்துக்குக் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்து, மூச்சு எண்ணும் முறையைக் காட்டித் தரும்படி கேளுங்கள். வெளிநாட்டு உறவினருக்கு எழுதும்போது, மூலிகைக் குளிசைக்குப் பதிலாகப் பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு உதவும்படி சொல்லுங்கள்.

காணி திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை இவை எதுவும் ஈடுசெய்யமாட்டா. காணியைக் கேட்கும்போது வயலை மட்டும் கேட்கவில்லை. வேலியையும், அதில் நின்ற மருந்தையும், அதை அறிந்திருந்த வாழ்வையும் சேர்த்தே கேட்கிறோம். அது கிடைக்கும்வரை, இம்மாரிக்குள் உங்கள் கொட்டில் வாசலில் ஒரு கற்பூரவள்ளித் தண்டையும் ஒரு துளசியையும் நட்டுவிடுங்கள். அயலவருக்கும் ஒரு தண்டு முறித்துக் கொடுங்கள்.